தீர்த்துப் பழகுவதா, தீர்வைப் படித்துப் பழகுவதா?

பாடம் புரிந்திருக்கிறது, சூத்திரமும் நினைவில் இருக்கிறது. ஆனால் தேர்வுத் தாளில் இதுவரை பார்த்திராத ஒரு கணக்கு வந்ததும் கை ஓடுவதில்லை. பொருளியல், புள்ளியியல், வணிகவியல், ப்ரோகிராமிங் ஆகியவற்றைக் கல்லூரியில் படிக்கும் எவருக்கும் இந்த நிலை புதிதல்ல. பார்த்திராத கணக்கைத் தீர்க்கும் திறன் எப்படி வருகிறது? இரண்டு பதில்கள் நூறாண்டுக்கும் மேலாக எதிரெதிரே நிற்கின்றன. உதவியின்றி முட்டிமோதி நிறையக் கணக்குகளைத் தீர்த்தால்தான் வரும் என்பது ஒன்று. கற்றவர் தீர்த்துக்காட்டியதை வரிவரியாகப் படித்தால்தான் வரும் என்பது மற்றொன்று. பாடநூல்களின் அமைப்பும் இன்டர்னல் மதிப்பெண் முறையும் இந்த இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொண்டே உருவாகின்றன. எனவே இரண்டுக்கும் உள்ள ஆதாரம் எவ்வளவு வலுவானது, இந்த நான்கு பாடங்களுக்கும் அது ஒரே மாதிரி பொருந்துகிறதா என்று பார்ப்பது அவசியமாகிறது.

கேம்பிரிட்ஜ் தந்த வழக்கம்

பயிற்சிக் கணக்கின் வழியே அறிவைச் சோதிக்கும் இன்றைய வழக்கத்துக்குப் பல ஊற்றுகள் உண்டு. அவற்றுள் பெரியது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ட்ரைபாஸ் கணிதத் தேர்வு. 19-ஆம் நூற்றாண்டில் அத்தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்களை ‘ராங்ளர்’ என்று அழைத்து, தரவரிசைப்படி அறிவித்தார்கள். தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியே பயிற்சி அளித்த ஆசிரியர்கள். அவர்களில் பேர்பெற்றவர் எட்வர்ட் ரூத். 1854-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்றவர் இவர். பிறகு இவரிடம் பயின்ற இருபதுக்கும் மேற்பட்டோர் முதலிடம் பெற்றனர். ரூத்தின் முறையில் மாணவர்கள் நேரக் கட்டுப்பாட்டுக்குள் தாமே கணக்குகளைத் தீர்க்க வேண்டும். பின்னர் மாதிரித் தீர்வுகளோடு தம் விடையை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இன்றைய விவாதத்தில் எதிரெதிர் அணிகளாகக் காட்டப்படும் இரண்டும் அங்கே ஒரே வாரத்தின் இரு பகுதிகளாக இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

நம் பாடங்களுக்கும் இத்தேர்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜில் பொருளியலுக்கெனத் தனித் தேர்வை 1903-இல் ஏற்படுத்திய ஆல்ஃபிரட் மார்ஷல், 1865-இன் இரண்டாம் ராங்ளர். நவீனப் புள்ளியியலைக் கட்டியவர்களில் ஒருவரான கார்ல் பியர்சன், 1879-இன் மூன்றாம் ராங்ளர். ஆனால் கணிதத்தில் ஊறிய மார்ஷலே பொருளியலில் அதன் இடம் குறித்து எச்சரிக்கையாக இருந்தார். 1906-இல் ஆர்தர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் பயன்படுத்தி, முடிவுகளைச் சாதாரண மொழியில் பெயர்த்து, வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து, பிறகு கணிதத்தை எரித்துவிடலாம் என்ற பொருளில் அறிவுரை கூறினார். விடை கிடைத்தால் வேலை முடிந்தது என்ற எண்ணத்துக்கு எதிரான தொடக்கக்காலக் குரல்களில் இது ஒன்று.

இந்தப் பயிற்சி முறையின் துணைவிளைவு ஒன்று கும்பகோணம் வரை வந்தது. லண்டனில் தனிப்பயிற்சி அளித்துவந்த ஜி. எஸ். கார் தொகுத்த நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் வரிசையாக உள்ளன. அவற்றுக்கான நிறுவல்கள் மிகச் சுருக்கமானவை, பலவற்றுக்கு நிறுவலே இல்லை. 1903 வாக்கில் இந்நூல் ராமானுஜன் கைக்குக் கிடைத்தது. முடிவை மட்டும் கண்டு வழியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார் அவர். தானாகக் கண்டடைவதே சிறந்த கல்வி என்பதற்கு அவரை அடிக்கடி சான்று காட்டுகிறார்கள். ஆனால் அதே வகை நூல்களை வைத்துப் படித்த ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி அந்த ஒரு வாழ்க்கை எதையும் சொல்வதில்லை. விதிவிலக்கை விதியாக்குவது இத்துறையில் நெடுங்காலமாக இருந்துவரும் பலவீனம்.

பொது உத்தி என்னும் நம்பிக்கை

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விவாதம் வேறு திசையில் திரும்பியது. ஹங்கேரியில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய ஜார்ஜ் போல்யா, 1945-இல் கணக்குத் தீர்க்கும் கலை பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செயல்படுத்து, திரும்பிப் பார் என்னும் அவருடைய நான்கு படிகள் இன்றும் வகுப்பறைச் சுவர்களில் உள்ளன. எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் பொது உத்திகள் இருக்கின்றன, அவற்றைக் கற்பிக்க முடியும் என்பது இதன் உட்கிடை. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1950-களின் இறுதியில் உருவாக்கிய ‘பொதுச் சிக்கல் தீர்ப்பான்’ என்னும் கணினி நிரலும் இதே நம்பிக்கையிலிருந்து எழுந்தது. இருக்கும் நிலைக்கும் சேர வேண்டிய இலக்குக்கும் உள்ள இடைவெளியைப் படிப்படியாகக் குறைப்பது அதன் வழி.

எதிர்ச்சான்று முன்பே இருந்தது. ஒரு பணியில் பெற்ற பயிற்சி வேறொரு பணிக்குத் தானாகக் கைமாறுவது அரிது என்று தார்ன்டைக்கும் வுட்வொர்த்தும் 1901-லேயே காட்டியிருந்தார்கள். பின்னர் 1981-இல் மிஷலின் சீ குழுவினர் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் ‘சாய்தளக் கணக்கு’, ‘சுருள்வில் கணக்கு’ என்று மேற்தோற்றத்தை வைத்துப் பிரித்தார்கள். நிபுணர்களோ ஆற்றல் அழியா விதி போன்ற அடிப்படைத் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். ‘திட்டமிடு’ என்ற அறிவுரை ஏன் பலருக்குப் பயன்படவில்லை என்பதற்கு இதில் ஒரு விளக்கம் உண்டு. எதை வைத்துத் திட்டமிடுவது என்பது பாட அறிவிலிருந்து வர வேண்டியது. போல்யாவின் உத்திகள் தவறானவை அல்ல. ஆனால் அவை அறிந்தவருக்கு நினைவூட்டும் குறிப்புகள், அறியாதவருக்கு வழிகாட்ட அவை போதுமானவையாகத் தெரியவில்லை.

செய்துகாட்டிய கணக்கின் வாதம்

ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தை வைத்து நடத்திய ஆய்வுகள் மரபான நம்பிக்கையை அசைத்தன. ஒரு பிரிவினர் கணக்குகளைத் தாமே தீர்த்தார்கள். மற்றொரு பிரிவினர் தீர்வுடன் கூடிய எடுத்துக்காட்டுகளைப் படித்தார்கள். ஒத்த கணக்குகள் பிறகு வந்தபோது, படித்தவர்கள் விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்தார்கள். ஸ்வெல்லர் 1988-இல் தந்த விளக்கம் இது: மனித மனம் ஒரே நேரத்தில் மிகச் சில செய்திகளையே ஏந்த முடியும். புதியவர் இலக்கைத் தேடி அலையும்போது அந்தச் சிறு இடம் முழுவதும் தேடலுக்கே செலவாகிறது. கணக்கின் அமைப்பைக் கற்க இடம் மிஞ்சுவதில்லை. கணக்கைத் தீர்ப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்பது இதன் கூர்மையான முடிவு.

2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் இதை இன்னும் விரித்து, குறைந்த வழிகாட்டலுடன் கற்பிக்கும் முறைகள் எல்லாமே தோற்றவை என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. சிக்கலை மையமாகக் கொண்ட கல்வியும் வழிகாட்டல் இல்லாத கல்வியும் ஒன்றென்று அவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று ஹ்மெலோ-சில்வர் முதலானோர் சுட்டிக்காட்டினார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

இந்த அணியின் உள்ளிருந்தே இரண்டு வரம்புகள் தெரியவந்தன. தீர்வைப் படிப்பது எல்லோருக்கும் ஒரே பலன் தருவதில்லை. ஒவ்வோர் அடியும் ஏன் வந்தது என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டு படிப்பவர்களே கற்கிறார்கள் என்று சீ குழுவினரின் 1989 ஆய்வு காட்டியது. அடுத்து, மாணவர் தேர்ச்சி பெறப் பெற எடுத்துக்காட்டின் பலன் குறைந்து, ஒரு கட்டத்தில் தடையாகவே மாறுகிறது என்று ஸ்லாவா கல்யூகாவும் உடனாய்வாளர்களும் 2003 வாக்கில் தொகுத்துரைத்தார்கள். ஆகவே ‘எது சிறந்தது’ என்ற கேள்வியை ‘யாருக்கு, எப்போது’ என்று மாற்றிக் கேட்க வேண்டியதாகிறது.

எதிர்த்திசையில் வலுவான சான்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. மனு கபூர் ‘பயனுள்ள தோல்வி’ என்று பெயரிட்ட முறையில், திட்டவிலக்கம் பற்றி எதுவும் கற்பிக்கும் முன்பே, சில விளையாட்டு வீரர்களின் ஆட்டப் புள்ளிகளைக் கொடுத்து யார் சீரானவர் என்பதை அளக்க ஓர் அளவையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். மாணவர்கள் சரியான சூத்திரத்தை எட்டுவதில்லை. ஆனால் அதன்பின் கற்பிக்கும்போது அவர்களுடைய புரிதல், முதலில் விளக்கம் கேட்டுப் பிறகு பயிற்சி செய்தவர்களுடையதைவிட ஆழமாக இருந்தது. சின்ஹாவும் கபூரும் 2021-இல் 53 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது கருத்துப் புரிதலில் மிதமான நன்மை தென்பட்டது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் அது தென்படவில்லை. தோல்விக்குப் பின் வரும் விளக்கம் இதில் இன்றியமையாதது. தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுவது இந்த ஆய்வைத் தவறாகப் படிப்பதாகும்.

புள்ளியியல்: எந்தக் கருவி?

மேற்கண்ட ஆய்வுகளில் பல பள்ளி இயற்கணிதத்திலும் இயற்பியலிலும் நடந்தவை. நம் நான்கு பாடங்களிலும் இடறும் இடம் வேறு. புள்ளியியலில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. நாற்பது நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்தால், செய்ய வேண்டியது இணை டி-சோதனை. இருபது பேருக்கு மருந்தும் வேறு இருபது பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தால், சார்பற்ற இரு கூறுகளுக்கான டி-சோதனை. அழுத்தம் குறைந்தது, குறையவில்லை என்று எண்ணிக்கையாக மட்டும் பதிந்தால் கை-வர்க்கச் சோதனை. கதை ஒன்றே, கருவி மூன்று. கணக்கிடும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எதைச் செய்வது என்று முடிவெடுப்பதே மாணவரின் வேலை.

பாடநூலோ அந்த முடிவை அத்தியாயத் தலைப்பிலேயே எடுத்துக்கொடுத்துவிடுகிறது. ‘கை-வர்க்கச் சோதனை’ அத்தியாயத்தின் கீழுள்ள இருபது கணக்குகளும் கை-வர்க்கக் கணக்குகளே. இருபதையும் சரியாகச் செய்தவர், இறுதித் தேர்வில் தலைப்பில்லாத கணக்கைக் கண்டு திகைப்பது அவருடைய சோம்பலால் அல்ல. தேவையான படியில் அவருக்குப் பயிற்சியே தரப்படவில்லை. இப்பாடங்களில் பெரும்பாலானவற்றில் மாணவருக்கு இழைக்கப்படும் பெரிய குறை இதுதான் என்பது என் மதிப்பீடு. இதற்கு ஆய்வு ஆதரவும் இருக்கிறது. குவிலிசி, மேயர் இருவரும் 1996-இல் புள்ளியியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே கதையைப் பயன்படுத்திய எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கதைகள் எல்லாச் சோதனைகளிலும் மாறிமாறி வந்த எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள் அமைப்பைப் பார்க்கக் கற்றார்கள்.

ரோரர், டெய்லர் ஆகியோரின் 2007 ஆய்வு இன்னும் வெளிப்படையானது. கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை வகைவகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலை தலைகீழானது: முன்னவர்கள் 20 சதவீதம், பின்னவர்கள் 63 சதவீதம். பயிற்சி சுலபமாக ஓடுவது கற்றலின் அடையாளம் ஆகாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று குறைவு. ஆனால் இது சிறிய ஆய்வு, நான்கு வகைக் கணக்குகளோடு நின்றது. ஒரு பருவம் முழுவதும் நீளும் கல்லூரிப் பாடத்தில் இதே அளவு வேறுபாடு வருமா என்பதை இதிலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

கேள்வி எழுதப்படும் விதமும் முக்கியம். நோய்ச் சோதனை பற்றிய பேயஸ் கணக்குகளை நிகழ்தகவாகக் கொடுக்காமல் ‘ஆயிரம் பேரில் பத்துப் பேர்’ என்று எண்ணிக்கையாகக் கொடுத்தால் சரியான விடைகள் பெருமளவு கூடுகின்றன என்று கிகரென்சரும் ஹாஃப்ராகேவும் 1995-இல் காட்டினார்கள். இது மாணவரின் திறனைக் காட்டிலும் கேள்வி அமைப்பைப் பற்றிய செய்தி.

ப்ரோகிராமிங்: எழுதுவதற்கு முன் வாசிப்பு

2001-இல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள், முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த மாணவர்களிடம் எளிய கணிப்பான் நிரல்களை எழுதச் சொன்னார்கள். 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. கணக்கைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரியவில்லை என்பது அவர்கள் முதலில் தந்த விளக்கம். ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் 2004-இல் வேறொன்றைச் சோதித்தார்கள். எழுதவே வேண்டாம், கொடுத்த சிறு நிரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்து விடையைத் தெரிவு செய்தால் போதும். அதிலும் பலர் தடுமாறினார்கள். எழுத வராததன் வேர், வாசிக்க வராததில் இருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

எலியட் சோலவே யேல் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய மழையளவுக் கணக்கு இதைப் புரியவைக்கும். 99999 என்ற எண் வரும்வரை எண்களைப் படித்து, அவற்றின் சராசரியைத் தர வேண்டும். லூப்பும் கூட்டலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிறுத்தக் குறியான 99999-ஐயும் சேர்த்துக் கூட்டிவிடுவது, எண்ணே வராவிட்டால் பூஜ்யத்தால் வகுப்பது ஆகிய பிழைகள் வந்துகொண்டே இருந்தன. தனித்தனி உறுப்புகளைத் தெரிந்திருப்பது வேறு, அவற்றைக் கோப்பது வேறு.

இங்கே இடைவழி ஒன்று பிறந்தது. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பட்ரிஷியா ஹேடன் ஆகியோர் 2006-இல் முன்வைத்த பயிற்சியில், சரியான நிரலின் வரிகள் கலைத்துக் கொடுக்கப்படும். மாணவர் வரிசைப்படுத்த வேண்டும். முழுத் தீர்வைப் படிப்பதற்கும் வெற்றுத் திரையிலிருந்து எழுதுவதற்கும் நடுவே இது நிற்கிறது. நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரல்களை மனப்பாடம் செய்து செய்முறைத் தேர்வில் அப்படியே எழுதும் பழக்கத்தை இந்த ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. தீர்வு அங்கே மாணவர் கையிலேயே இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பவர்தான் இல்லை.

பொருளியலும் வணிகமும்

பொருளியலில் இடறல் மொழிபெயர்ப்பில் வருகிறது. சொற்களில் உள்ள செய்தி வரைபடமாகி, சமன்பாடாகி, மீண்டும் சொற்களுக்குத் திரும்ப வேண்டும். விலை குறைந்ததால் தேவை வளைகோடே வலப்புறம் நகர்ந்தது என்று எழுதும் மாணவருக்கு, கோட்டின் மீது நகர்வதற்கும் கோடு நகர்வதற்கும் உள்ள வேறுபாடு இந்த மொழிபெயர்ப்பில் தொலைந்திருக்கிறது.

இது மாணவரோடு நிற்பதில்லை. ஃபெராரோவும் டெய்லரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இருநூறு பொருளியலாளர்களிடம் எரிக் கிளாப்டன், பாப் டிலன் கச்சேரிகளை வைத்து வாய்ப்புச் செலவு பற்றிய எளிய கேள்வி கேட்கப்பட்டது. கிளாப்டன் டிக்கெட் இலவசம், அதை விற்க முடியாது. அதே இரவு டிலன் கச்சேரிக்கு டிக்கெட் 40 டாலர். அதற்காக 50 டாலர்வரை தரத் தயார். கிளாப்டனைக் கேட்பதன் வாய்ப்புச் செலவு என்ன? கைவிடும் நிகர நன்மை 50-இல் 40 போக 10 டாலர்; நான்கு விடைகளில் இந்தச் சரியான விடையைத் தேர்ந்தவர்கள் 21.6 சதவீதமே, குருட்டாம்போக்கில் குறித்தாலே 25 சதவீதம் வரும். ஆனால் 2012-இல் பாட்டரும் சாண்டர்ஸும், வாய்ப்புச் செலவு என்ற கருத்தே பலவாறு வரையறுக்கப்படுகிறது என்றும், ‘தவறான’ விடைகளுக்கும் நியாயம் உண்டென்றும் மறுத்தார்கள். பாடநூல் கணக்கின் ஒற்றை விடைக்குப் பின்னால் தீராத கருத்து வேறுபாடு ஒளிந்திருக்கக்கூடும் என்பது இந்த விவாதத்தின் மதிப்பு.

வணிக மேலாண்மை வேறு மரபில் வந்தது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870-இல் லாங்டெல் தொடங்கிய வழக்காய்வு முறையை, வழக்கறிஞராகப் பயின்று 1919-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் தலைவரான வாலஸ் டோன்ஹாம் அங்கே வேரூன்றச் செய்தார். அப்பள்ளியின் ஒத்துழைப்போடு 1961-இல் தொடங்கிய ஐஐஎம் அகமதாபாத் வழியே அது இந்தியாவிலும் பரவியது. இதில் தரப்படுவது கணக்கல்ல, ஒரு நிலைமை; கேள்வி எது என்பதையே மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற மூன்று பாடங்களும் விட்டுவிடும் படி இதுவே. ஆனால் பொறுப்பேற்காமல், களம் காணாமல், சில பக்கங்களை மட்டும் படித்து முடிவெடுக்கும் தன்னம்பிக்கையை இம்முறை வளர்க்கிறது என்று ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-இல் கடுமையாக விமர்சித்தார்.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்

இந்த விவாதங்கள் அனைத்தும் தீர்வு எளிதில் கிடைக்காத காலத்தில் வேர்கொண்டவை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளாஸ், காங் இருவரும் செய்த ஆய்வில், வீட்டுப்பாடத்தில் அதிகமும் தேர்வில் குறைவும் பெற்ற மாணவர்களின் பங்கு 2008-இல் 14 சதவீதமாக இருந்து 2017-இல் 55 சதவீதமாக உயர்ந்தது. விடையை வலைத்தளங்களிலிருந்து எடுத்து எழுதுவதே காரணம் என்பது அவர்கள் கருத்து. ஒரே பல்கலைக்கழகத்தில் திரட்டிய தரவு என்பதால் வேறு காரணங்களை முற்றாக ஒதுக்க முடியாது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் கேள்வி இன்னும் கூர்மையானது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பஸ்தானி குழுவினர் நடத்திய சோதனையில், இத்தகைய கருவியின், விடையை நேரடியாகத் தரும் வடிவத்தைப் பயன்படுத்தியவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. கருவியை எடுத்துவிட்டு வைத்த தேர்விலோ, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. ஆசிரியர் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி கட்டுப்படுத்திய வடிவத்தில் அந்த இழப்பு பெரும்பாலும் நீங்கியது. ஸ்வெல்லரின் வாதத்துக்கு இது மறுப்பா? அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்ன எடுத்துக்காட்டை மாணவர் படிக்கிறார். இங்கே கிடைக்கும் விடையைப் படிக்காமலே கடந்துபோக முடிகிறது.

எஞ்சியிருப்பவை

தொடக்கத்தில் நன்கு விளக்கிய எடுத்துக்காட்டுகள், தேர்ச்சி கூடக்கூட உதவியைக் குறைத்தல், வகைகளைக் கலந்த பயிற்சி ஆகிய மூன்றுக்கும் ஓரளவு உறுதியான ஆதரவு இருக்கிறது. கருத்தை அறிமுகம் செய்யும்முன் மாணவரைத் தவிக்கவிடுவது எந்தப் பாடப்பகுதிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தெளிவாகவில்லை. திட்டவிலக்கத்துக்குப் பலித்தது, புதிய நிரல்மொழியின் இலக்கணத்துக்கும் பலிக்கும் என்று கொள்ள முடியாது. ஒரே சரியான விடையுள்ள கணக்குகளில் கண்ட முடிவுகளைப் பல விடைகள் கொண்ட வணிக வழக்காய்வுக்கு நீட்டிக்கலாமா என்பதும் திறந்தே கிடக்கிறது.

தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்ளும் மாணவரைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. கேள்வியைப் படித்துப் பொருள்கொள்வதற்கே கவனத்தில் பெரும்பகுதி செலவாகுமானால், ஸ்வெல்லரின் கோட்பாட்டின்படி அவருக்கு எடுத்துக்காட்டின் தேவை மற்றவர்களைவிட அதிகம், அதுவும் நீண்ட காலத்துக்கு. ஆனால் அந்த எடுத்துக்காட்டும் ஆங்கிலத்திலேயே இருந்தால் சுமை குறையுமா, கூடுமா? ஒரே அத்தியாயத்தை இரு மொழிகளிலும் தீர்த்துக்காட்டி, தலைப்பில்லாத கணக்குகளைக் கொண்டு சோதித்தால் இதற்கு விடை காணலாம். அதைச் செய்து பார்க்க ஒரு துறையும் ஒரு பருவமும் போதும்.